அம்மாவுக்கு மரக்கறி ஜூஸ்: என்ன போடலாம், எவ்வளவு கொடுக்கலாம்

மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன, மாதா மாதம் கிளினிக் போய்வருகிறார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் பச்சை மரக்கறி ஜூஸ் குடித்தால் போதும், கொஞ்ச நாளில் குளிசையையே விட்டுவிடலாம் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "எந்த மரக்கறி நல்லது அக்கா? வடிக்க வேண்டுமா? ஜூசர் மெஷின் வாங்கத்தான் வேண்டுமா?" இவைதான் கேள்விகள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிசையை விடக் கூடாது. ஜூஸ் கொடுக்கலாம், ஆனால் சின்னக் கிளாஸ், வடிக்காமல், காலைச் சாப்பாட்டோடு. மெஷின் தேவையில்லை. கொடுக்கத் தொடங்குவதற்கு முன் அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து, கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனையில் கிரியேற்றினின் எவ்வளவு என்று பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண் அது. அந்த எண் கூடுதலாக இருந்தால், அல்லது சிறுநீரகத்தைப் பற்றி டொக்டர் ஏதாவது எழுதியிருந்தால், கீழே சொல்லும் பாதிச் சமாசாரம் அம்மாவுக்குப் பொருந்தாது. ஏன் என்று பிறகு வருகிறேன்.

வடிப்பதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மரக்கறியைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுக்கும்போது துணியில் நிற்கும் சக்கையோடு நார்ச்சத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. சீனி வருத்தக்காரருக்கு மரக்கறியால் கிடைக்கும் முக்கியமான நன்மையே அந்த நார்தான். நூறு கிராம் கரட்டில் ஏறத்தாழ 4.7 கிராம் சீனி இருக்கிறது, பீட்றூட்டில் 6.8 கிராம். மூன்று பெரிய கரட்டைப் பிழிந்தால், அதாவது ஒரு 300 கிராம், கிளாஸில் 14 கிராம் வரை சீனி வந்து நிற்கும். மூன்றரைத் தேக்கரண்டி என்று வையுங்கள். தேத்தண்ணியில் யாரும் அம்மாவுக்கு அவ்வளவு போடுவதில்லை. அதே மூன்று கரட்டைக் கடித்துத் தின்னச் சொன்னால் ஒன்றோடு வாய் வலித்துவிடும், தின்ற ஒன்றும் மெல்லத்தான் செரிக்கும். பிழிந்தால் எல்லாம் இரண்டு மிடறில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் பிரித்தானியாவின் சுகாதார சேவை, பழ ஜூஸும் மரக்கறி ஜூஸும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம் என்கிறது. எவ்வளவு குடித்தாலும் ஒரு பங்கு மரக்கறியாகத்தான் அதைக் கணக்கு வைக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளுக்கு 400 கிராம் மரக்கறி, பழத்தை ஜூஸ் குடித்தே தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சோற்றோடு சாப்பிடும் கறியும் வறையும் சம்பலும்தான் அதற்கு வழி. ஜூஸ் அதற்கு மேல் ஒரு சின்னக் கூட்டல்.

ஆகவே பிழியாதீர்கள், அரையுங்கள். அரைத்ததை அப்படியே குடிக்க அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் தேத்தண்ணி வடியால் அல்ல, கொஞ்சம் பெரிய கண் உள்ள வடியால் ஒரு தரம் விடலாம். திப்பி திப்பியாக இருப்பது மட்டும் போகும்.

இனி என்ன மரக்கறி என்று பார்ப்போம். படங்களில் காட்டும் கேல், செலரி எல்லாம் நமக்கு எதற்கு? வன்னியில் ஒரு சாதாரண வளவில் முருங்கை நிற்கும், கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்திருக்கும், வேலியில் முசுட்டையோ முடக்கொத்தானோ ஏறியிருக்கும். சந்தையில் கெக்கரிக்காய், தக்காளி, நீற்றுப்பூசணி, பாகற்காய் கிடைக்கும். கரட் பெரும்பாலும் நுவரெலியாப் பக்கத்திலிருந்து தம்புள்ளை வழியாக லொறியில் வருகிறது, வரும்போதே ஒரு வாட்டம் இருக்கும். வாடிய கரட்டை அரை மணித்தியாலம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தால் மறுபடி விறைப்பாக வரும், அரைக்கவும் சுலபம். இலையோடு வாங்குகிறீர்கள் என்றால் வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டிவிடுங்கள், அது கிழங்கிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கழுவுவதில் அலட்சியம் வேண்டாம். சமைக்கும் கறிக்கு நெருப்புத் துணை இருக்கிறது, பச்சையாகக் குடிப்பதற்கு உங்கள் கைதான் துணை. நம் பக்கத்தில் தோட்டத்துக்கு மருந்தடிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அடித்த மூன்றாம் நாளே பிடுங்கிச் சந்தைக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அதில் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அமெரிக்காவில் 2017இல் அப்பிள் பழத்தை வைத்துச் செய்த ஆய்வொன்றில், தோலின் மேல் இருந்த மருந்தை வெறும் தண்ணீரைவிட அப்பச்சோடாத் தண்ணீர் நன்றாக அகற்றியது. ஆனால் தோலுக்குள் இறங்கிவிட்டதை அதுவும் முழுக்க எடுக்கவில்லை. எனவே கடை கெக்கரிக்காயைச் சீவிப் போடுங்கள், வீட்டில் காய்த்தது என்றால் தோலோடு போடலாம். வல்லாரை, பொன்னாங்காணி போன்றவை ஈர நிலத்தோடு ஒட்டி வளர்பவை. மாடு, கோழி, வாய்க்கால் தண்ணீர் எல்லாம் படும். வேரையும் அடித்தண்டையும் நறுக்கி எறிந்துவிட்டு இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். கட்டோடு தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பது கழுவுவது ஆகாது. சேர்க்கும் தண்ணீரும் கொதித்தாறியதாக இருக்கட்டும்.

சரி, அடிப்படை ஜூஸ். ஒரு சின்னக் கிளாஸுக்கு நடுத்தரக் கரட் ஒன்று, கெக்கரிக்காய் பாதி, பழுத்த தக்காளி ஒன்று, சுண்டுவிரல் நகமளவு இஞ்சி, அரைத் தேசிக்காயின் புளி. தண்ணீர் கால் கிளாஸுக்கு மேல் வேண்டாம். கெக்கரிக்காயிலும் தக்காளியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான், அதுவே போதும். இங்கே ஒழுங்கு முக்கியம். தக்காளியையும் கெக்கரியையும் முதலில் போட்டு ஒரு சுற்று விட்டால் அடியில் தண்ணீர் நிற்கும், அதற்குப் பிறகு கரட்டைப் போட்டால் பிளேட் சிக்காது. கரட்டை முதலில் போட்டால் பிளெண்டர் கத்தும், துண்டுகள் மேலே துள்ளிக்கொண்டு நிற்கும், மோட்டரும் சூடேறும். பழைய பிளெண்டர் என்றால் கரட்டைத் துருவிப் போடுங்கள். முதலில் கரகர என்று கேட்கும் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி ஒரே இழுவையாக வரும்போது நிறுத்தலாம். தேசிப்புளியை நிறுத்திய பிறகு கையால் பிழிந்து கலக்குங்கள். மேலே நுரை நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை, அது காற்று.

உப்பும் சீனியும் போட வேண்டாம். பிரஷர்காரருக்கு ஜூஸிலும் உப்புப் போட்டுக் கொடுப்பது வீண் வேலை. சப்பென்று இருக்கிறது என்றால் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் வறுத்துப் பொடித்த சின்னச்சீரகமும் போடுங்கள்.

கரட்டின் நிறத்துக்குக் காரணமான பீற்றா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் கரட் ஜூஸைக் குடித்துவிட்டு ஒன்பது மணி வரை பட்டினி கிடந்தால் அதில் ஒரு பகுதி வந்த வழியே போய்விடும். இடியப்பம் சொதியோடு, பிட்டு சம்பலோடு குடித்தால் அதில் இருக்கும் தேங்காயே போதும். தனியாகக் குடிப்பது என்றால் இரண்டு தேக்கரண்டி முதற்பால் விட்டு அரையுங்கள். "வெறும் வயிறு" என்ற சொல்லுக்கு யார் இவ்வளவு மவுசு கொடுத்தார்களோ தெரியாது. சீனிக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர் அதை எடுத்துவிட்டு வெறும் ஜூஸோடு இருந்தால் சீனி விழுந்து தலை சுற்றும், வியர்க்கும், கை நடுங்கும். அம்மா அப்படி ஒருநாளும் செய்யக் கூடாது.

பீட்றூட்டைப் பற்றித் தனியாக ஒரு சொல். அதன் சிவப்பைப் பார்த்து இரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிகளுக்கெல்லாம் அரைத்துக் கொடுக்கிறார்கள். நூறு கிராம் பீட்றூட்டில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஃபோலேற் என்ற விற்றமின் நன்றாக இருக்கிறது, அதனால் கெட்டது இல்லை, ஆனால் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையின் இடத்தை அது பிடிக்காது. உண்மையில் அது உதவுவது பிரஷருக்கு. பீட்றூட்டில் உள்ள நைத்திரேற்றை நாக்கில் இருக்கும் கிருமிகள் நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது உடம்பில் போய் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, பிரஷர் சில புள்ளிகள் இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், கிருமியைக் கொல்லும் மவுத்வொஷ் போட்டுக் கொப்பளிக்கிறவர்களுக்கு இந்தப் பலன் குறைந்துவிடுகிறது. இறங்குவது சில புள்ளிகள்தான், குளிசை செய்யும் வேலையை அது செய்யாது. பச்சை பீட்றூட்டின் மண்வாசம் பிடிக்காதவர்கள் தோலோடு அவித்து, ஆறவிட்டு, உரித்து அரைத்துத் தேசிப்புளி விடலாம். புளி விட்டால் அந்த வாசம் அடங்கும். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறாதீர்கள், சிலருக்கு அப்படிப் போகும். அம்மாவுக்குக் கால் பீட்றூட் போதும், கரட்டும் பீட்றூட்டும் ஒரே கிளாஸில் வேண்டாம்.

பச்சை இலைகளுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான். இன்றைக்கு ஆட்கள் பச்சை இலையைக் கட்டுக் கட்டாக அரைத்து வடித்துக் குடிப்பதைப் பெரிய ஆரோக்கியமாக நினைக்கிறார்கள். பசளி, பொன்னாங்காணி, தண்டுக்கீரை இவற்றில் ஒக்சலேற் என்ற பொருள் கூடுதலாக இருக்கிறது. அவித்துத் தண்ணீரை இறுத்தால் அதில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். பச்சையாகப் பிழிந்தால் எல்லாமே கிளாஸுக்குள் வரும். வறைக்கு ஒரு கைப்பிடி இலை போடுகிறவர், ஜூஸுக்கு மூன்று கட்டு போடுகிறார். நாள்தோறும் அப்படிக் குடித்துச் சிறுநீரகத்தில் ஒக்சலேற் படிகம் அடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல நாடுகளிலிருந்து பதிவுகள் வந்திருக்கின்றன.

நம் பழைய இலைக்கஞ்சி இந்த விஷயத்தில் நல்ல வழி. இலை கொஞ்சம், அரிசி கொஞ்சம், தேங்காய்ப்பால் கொஞ்சம், மிதமான சூடு. இலையின் சாறும் கிடைக்கிறது, வயிற்றில் நிற்கிற உணவும் கிடைக்கிறது. அம்மாவுக்கு நான் சொல்வது, கிழமையில் இரண்டு நாள் கரட்–கெக்கரி ஜூஸ், இரண்டு நாள் இலைக்கஞ்சி. செய்முறை சொல்கிறேன்.

இரண்டு பேருக்கு ஒரு சின்னக் கைப்பிடி சிவப்பரிசி, மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் நல்லது. கழுவி, நாலைந்து கோப்பை தண்ணீரில், தட்டிய இரண்டு உள்ளிப் பல்லும் ஒரு துண்டு இஞ்சியும் போட்டு, அரிசி மலர்ந்து கரையும் வரை வேகவிடுங்கள். இதற்கிடையில் ஒரு கைப்பிடி வல்லாரை, அல்லது வல்லாரையோடு நாலு முசுமுசுக்கை இலை, கொஞ்சம் முடக்கொத்தான். அம்மி இருந்தால் அம்மியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவோடு சேர்த்து அரையுங்கள், தேங்காயின் எண்ணெய்யில் இலை வழுக்கி நன்றாக மசியும். பிளெண்டரிலும் அடிக்கலாம். கால் கிளாஸ் தண்ணீர் விட்டுக் கலக்கி வடித்தால் கரும்பச்சையாக ஒரு பால் வரும். இதில் மட்டும் வடிப்பதை நான் தடுக்க மாட்டேன், வல்லாரை நரம்பு தொண்டையில் சிக்கும், நாருக்கு அரிசி இருக்கிறது.

வெந்த கஞ்சிக்குள் இந்தப் பாலை விட்டு, அடுப்பைத் தணித்து, அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள். விளிம்பில் முதல் குமிழி வந்ததும் இறக்கிவிட வேண்டும், மூடக் கூடாது. மூடிக் கொதிக்கவிட்டால் இலையிலிருந்து வரும் புளிப்பு ஆவியோடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று பச்சையைக் கெடுக்கும். பளிச்சென்ற பச்சை நிமிடக் கணக்கில் மங்கிய பழுப்புப் பச்சையாக மாறிவிடும், வாசமும் புல் அவித்தது போல் ஆகிவிடும். அதே காரணத்தால் தேசிப்புளியைச் சட்டியில் விடாமல் குடிக்கும் கோப்பையில் விடுங்கள். புளி சேரும்போது இலையின் இரும்புச்சத்தும் கொஞ்சம் கூடுதலாக உடம்பில் சேரும். தேத்தண்ணி அதற்கு எதிரி, கஞ்சி குடித்து ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். கஞ்சியோடு பனங்கட்டி கடிக்கிற பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், பனங்கட்டியும் சீனிதான் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பாரோ என்னவோ.

சோளகக் காற்று அடிக்கும் வெயில் காலத்துக்கு இன்னொன்று. கெக்கரிக்காயைத் துருவி, நல்ல எருமைத் தயிர் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு கிளாஸ் தண்ணீரில் அடித்து மோராக்கி, கறிவேப்பிலை, இஞ்சி, ஒரு பச்சை மிளகாய்த் துண்டு தட்டிப் போட்டுக் குடியுங்கள். இதில் சீனி மிகக் குறைவு, வயிறு நிறையும். வயலிலிருந்து வந்த ஆளுக்குச் சோடாவைவிட இது எவ்வளவோ மேல்.

நீற்றுப்பூசணி ஜூஸைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். குடிக்கலாம், தாகம் தீரும். உடம்பைக் கழுவி நஞ்சை எடுக்கும் என்பதை நான் நம்பவில்லை. அந்த வேலைக்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

இனி எச்சரிக்கைகள். சுரைக்காய், கெக்கரிக்காய், பூசணி, பீர்க்கங்காய் இந்தக் குடும்பத்துக் காய் எதையும் அரைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். இந்தக் கசப்பு குக்குர்பிற்றசின் என்ற நஞ்சு, சமைத்தாலும் போகாது. தண்ணீர் காணாமல் வாடிய கொடியிலும், தானாக முளைத்த கொடியிலும் இந்தக் கசப்பு வரலாம். இந்தியாவில் கசந்த சுரைக்காய் ஜூஸைக் குடித்து வாந்தியும் இரத்தப் போக்குமாக விழுந்தவர்களும் இறந்தவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை வைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காய் ஜூஸைக் குடிக்கவே கூடாது என்று சொன்னது. மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்ததுதான் அவர்களில் பலருக்கு வந்த கேடு. பாகற்காயின் கசப்பு வேறு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

ஆனால் பாகற்காய்க்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பாகற்காய்ச் சாறும் குறிஞ்சா இலைச் சாறும் சீனியைக் குறைக்கும் என்பார்கள். ஆய்வுகளில் கிடைத்த பலன் ஒரே மாதிரி இல்லை. எனினும் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசைகளோ இன்சுலினோ எடுக்கிறவர் இவற்றின் சாற்றையும் தினமும் குடித்தால் சீனி தேவைக்கு மேல் விழ இடமுண்டு. கறியாக, சுண்டலாகச் சாப்பிடட்டும், சாறாக வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுக்கிறவர்களுக்குப் பச்சை இலைச் சாறு திடீரென்று கூடினால் மருந்தின் அளவு குழம்பும், அதிலுள்ள விற்றமின் கேதான் காரணம். அவர்கள் கிளினிக்கில் சொல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது.

சிறுநீரக விஷயம். வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் இருக்கிறது. சீனியும் பிரஷரும் பல வருடம் இருந்தாலே சிறுநீரகம் பழுதாக வழியுண்டு, அதுவும் ஆரம்பத்தில் வெளியே தெரியாது. அதனால்தான் கொப்பியைப் பார்க்கச் சொன்னேன். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கும். கரட், பீட்றூட் இரண்டிலும் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது, இலைகளில் அதைவிடக் கூட. பிரஷருக்குக் கொடுக்கும் லொசாட்டன், எனலப்ரில் இரண்டும் பொட்டாசியத்தை இன்னும் கொஞ்சம் தேக்கி வைக்கும். பொட்டாசியம் மிகக் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். இப்படிப்பட்டவருக்கு ஜூஸே வேண்டாம். மரக்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை இறுத்துவிட்டுச் சமைத்த கறிதான் நல்லது. இளநீரும் இதே கணக்குத்தான்.

தமரத்தங்காய் ஜூஸும் பிலிம்பிக்காய்ச் சாறும் சீனிக்கு நல்லது என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. இரண்டையும் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களை இலங்கை வைத்தியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஒக்சலேற் ஒரு காரணம். தமரத்தங்காயில் அதற்கு மேல் நரம்பைத் தாக்கும் ஒரு நஞ்சும் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர் அதைச் சாப்பிட்டால் நிற்காத விக்கல் வரும், பிறகு புத்தி தடுமாறும், வலிப்பும் வரலாம். சீனி வருத்தம் உள்ள யாருக்கும் இந்த இரண்டின் சாற்றையும் கொடுக்காதீர்கள். சம்பலில் ஒரு பிலிம்பிக்காய் விழுவது வேறு விஷயம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒரு வயது வரை ஜூஸ் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மசித்த மரக்கறி.

அரைத்த ஜூஸை உடனே குடிக்க வேண்டும். விற்றமின் சி காற்றுப் பட்டுக் குறைவது ஒரு காரணம்தான். பெரிய காரணம் கிருமி. நம் வெயிலில் வெளியே வைத்த ஜூஸ் இரண்டு மணித்தியாலத்துக்குள் கெடத் தொடங்கும். பீட்றூட், இலை வகைகளில் முன்பு சொன்ன நைத்திரேற், வைத்த கிளாஸுக்குள்ளேயே நைத்திரைற்றாக மாறிக் கூடிவிடவும் இடமுண்டு, அளவு மிஞ்சினால் அது நல்லதல்ல. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மூடிய போத்தலில் வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள், இடையில் கரண்ட் போய் நெடுநேரம் நின்றால் ஊற்றிவிடுங்கள். மறந்தும் கடையில் மீனுக்கு விற்கும் ஐஸை உடைத்துப் போடாதீர்கள், அது குடிதண்ணீரில் செய்ததுதான் என்று நம்ப முடியாது.

கடைசியாக மெஷின். மெல்லச் சுற்றிப் பிழியும் ஜூசர்கள் பல ஆயிரம் ரூபாய் விலை. வேகமாகச் சுற்றினால் சூட்டில் சத்துச் செத்துவிடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஒரு நிமிடம் பிளெண்டரில் சுற்றும்போது ஏறும் சூடு அப்படி ஒன்றும் பெரிதில்லை. அந்த மெஷின்கள் எல்லாமே சக்கையைத் தனியே தள்ளிவிடுபவை, நமக்கு வேண்டியதோ சக்கையும்தான். இருக்கும் பிளெண்டரே போதும். அது இல்லாவிட்டால் கரட் துருவியும் அம்மியும் போதும். பிளெண்டரில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பிளேட்டைக் கழற்றினால் அதன் அடியில் ஒரு இறப்பர் வளையம் இருக்கும், அதைக் கத்தி நுனியால் மெல்ல எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதற்குக் கீழே கறுப்பாக ஒரு வழுவழுப்புப் படிந்திருக்கும், மணமும் அடிக்கும். ஒவ்வொரு நாளும் குடித்து முடித்த கையோடு வளையத்தைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள், பிளெண்டர் திருத்துகிற கடைகளில் தனியாகக் கிடைக்கும்.